எட்டுக் கோழிகளுக்கு ஒரு தேர்வுக் குழு

பெரிய மருத்துவமனை ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் கொள்முதல் அதிகாரியாக இருந்தவர் ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தார். வந்த மூன்றாவது வாரமே அவருக்குக் கை நமநமவென்று ஆகிவிட்டது. வாங்குவதற்கு எதுவும் இல்லை. பஞ்சு வாங்கவும் மூன்று கொட்டேஷன், துடைப்பம் வாங்கவும் மூன்று கொட்டேஷன் என்று வாழ்ந்த மனிதர். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே கொட்டேஷன்தான். அதை அவர் ஏதோ பட்டம் கொடுத்ததுபோல எடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி தையல்காரி. பின்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு, தைத்தபடியே கொல்லையில் இருக்கும் எட்டுக் கோழிகளையும் பார்த்துக்கொள்வாள். நான்கு வருடமாக அவற்றுக்குத் தண்ணீர், ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினில். கவிழாமல் இருக்க நடுவில் ஒரு செங்கல். காலையிலும் சாயங்காலமும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி ஊற்றுவாள். பேசின் ஒன்றும் பெரிய ஏற்பாடு இல்லை. கோழிகள் அதற்குள் ஏறி நிற்கும், மண்ணைச் சீய்த்துத் தள்ளும், சில சமயம் செங்கல்லோடு சேர்த்துக் கவிழ்த்தும் விடும். ஒரு நாள் காலை, தீவனக்கடையில் விற்கும் தண்ணீர் டப்பா ஒன்று வாங்கவேண்டும் என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் தட்டு வைத்ததுபோல இருக்கும், சாதாரண டப்பா.

கொட்டேஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவசரப்பட்டு எதையும் வாங்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து பதினோரு நாள் அந்த மேஜையில் யாராலும் சாப்பிட முடியவில்லை.

பெரிய தாளில் கட்டம் போட்டார். கொள்ளளவு, பொருள், ஆயுள், விலை, உயரம், நிழல் தேவை, கசிவு என்று ஏழு பத்தி. ஒரு கோழி ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்று அளக்க, பேசினில் கோடு போட்டுவிட்டு வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தையல்காரியிடம் இஞ்ச் டேப்பை வாங்கிக்கொண்டு போய்க் கோழிகளின் முதுகு உயரத்தை அளந்தார். தண்ணீர்த் தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருந்தால்தான் மண்ணைச் சீய்த்துத் தள்ளாதாம். அவர் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் ஊசி முறிந்தது. ஆனால் அந்தப் பதினோரு நாளில் அவர் சொன்னதில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

மூக்கால் முட்டினால் சொட்டும் நிப்பிள் வகையைத் தள்ளினார். கோழிகளுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டுமாம். பிளாஸ்டிக்கைத் தள்ளினார், வெயிலில் வெடிக்குமாம். கடைசியில் துத்தநாகம் பூசிய தகரத்தில் பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும் தண்ணீர் ட்ரிங்கர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர். தூக்கிப் பார்த்தால் சின்ன அண்டா கனம்.

"அஞ்சு நாளைக்கு அது பக்கமே போகவேண்டாம். ஒரு தடவ ரொப்பினா போதும்," என்றார்.

"அஞ்சு நாள் இருந்த தண்ணிய நீங்க குடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எந்தப் பத்தியிலும் இல்லை என்று அவர் பதில் சொன்னார்.

ட்ரிங்கர் வந்தது. கோழிகளும் சுற்றி நின்று குடித்தன. கோழிகளுக்கு என்ன தெரியும், தண்ணீர் இருந்தால் குடிக்கும். அவரோ அதைத் தனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு, போட்டோ பிடித்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கூடவே நாலு பக்க விளக்கம். அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் கோழி வளர்த்தார்கள்: ஒரு பஸ் டிரைவர், ஒரு மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர். மூன்று வீட்டுக்கும் நேரில் போய்ப் பேசினார். டீச்சர் வீட்டில் மட்டும் இரண்டு மணி நேரம். டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டு, ஒன்று வாங்கவும் செய்தார். அதற்குப் பிறகு மற்ற இரண்டு வீட்டிலும் "டீச்சரே வாங்கிட்டாங்க" என்பதுதான் கொட்டேஷனின் முதல் வாக்கியம். வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் ரசமட்டத்தோடு போய், செங்கல் அடுக்கி, மட்டம் பார்த்து வைத்துக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் தையல்காரி மூடியைத் திறந்து உள்ளே கை விட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. தட்டின் ஓரத்தில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. எடுத்துவந்து குழாயடியில் வைத்துத் தேய்த்தாள். கனத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நாளை நீங்கள் ஒரு நாள் கழுவுங்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தாள். பராமரிப்பு என்பது பயன்படுத்துகிற துறையின் வேலை, கொள்முதல் துறையின் வேலை அல்ல என்று விளக்கினார். வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் எது துறை, எது குழாயடி என்று அவள் கேட்கவில்லை.

ஆனால் அவள் தினமும் தேய்ப்பது அவருக்கு உறுத்தியது. தன் தேர்வில் யாரோ குறை சொல்லிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. இரண்டு நாள் இன்டர்நெட்டில் தேடி, தண்ணீரில் வினிகர் ஊற்றினால் பாசியும் பிடிக்காது, வழவழப்பும் வராது என்று கண்டுபிடித்தார். லிட்டருக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றினார். இனிமேல் கழுவினால் விகிதம் கெட்டுவிடும், தீரத் தீரத் தானே மேலே ஊற்றிக்கொள்வேன், யாரும் தொடக்கூடாது என்றார். மற்ற மூன்று வீட்டுக்கும் அதே உத்தரவு போனது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூற்று நாற்பது சீருடை தைக்கும் வேலை அவளுக்கு வந்திருந்தது. பள்ளி திறக்கப் பதினெட்டு நாள்தான் இருந்தது. தொடாதே என்று அவர் சொன்னதும், ஒரு வேலை குறைந்தது என்று அவளும் விட்டுவிட்டாள். பிறகு அவளால் தன்னை மன்னிக்க முடியாமல் போனது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

இரண்டு வாரத்தில் முட்டை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. எச்சம் பச்சையாகக் கழிந்தது. புள்ளிக்காரி என்று அவள் கூப்பிடும் கோழி, கூட்டின் மூலையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. பருவநிலை மாற்றம் என்றார் கொட்டேஷன். மறுநாள் தீவனம் தரமில்லை என்றார். அதற்கு மறுநாள் புதுத் தீவனத்துக்குக் கட்டம் போட உட்கார்ந்துவிட்டார்.

பதினாறாம் நாள் புள்ளிக்காரியால் எழுந்து நிற்க முடியவில்லை. தையல்காரி சீருடைத் துணியை அப்படியே போட்டுவிட்டு, கோழியை ஒரு துணிப்பையில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா இளவயதுக்காரர். என்ன தீனி, என்ன தண்ணீர் என்று வரிசையாகக் கேட்டார். தகர ட்ரிங்கர், வினிகர் என்று இவள் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த டப்பாவோட உள்பக்கத்த யாராவது பாத்தீங்களா?"

"இல்ல மேடம். தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"யாரு, வேற டாக்டரா?"

"இல்ல. வீட்டுக்காரரு."

வினிகர் புளிப்பு, அது தகரத்தின் மேலிருக்கும் பூச்சை அரித்துத் தண்ணீரில் கலந்துவிடும், பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால் பரவாயில்லை, இதில் ஊற்றவே கூடாது என்று டாக்டரம்மா விளக்கினார். கோழிக்கு ரத்தம் எடுத்தார், ஊசி போட்டார். மற்ற ஏழுக்கும் உடனே நல்ல தண்ணீர் வையுங்கள், பிழைத்துக்கொள்ளும் என்றார். இதைப் பற்றி மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கோழியைப் பையோடு நிழலில் கிடத்திவிட்டு, முதல் வேலையாகப் பழைய பேசினைக் கழுவித் தண்ணீர் வைத்தாள். ஏழு கோழிகளும் முட்டி மோதிக்கொண்டு வந்து குடித்த வேகத்தைப் பார்த்து இன்னொரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். பிறகு ட்ரிங்கரைத் திறந்தாள். உள்சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. விரலால் தடவினால் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் தகரம் அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாக இருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டுபோய், சாப்பாட்டு மேஜையில் அவர் விரித்துவைத்திருந்த தீவனக் கட்டத்தின்மேல் வைத்தாள். கட்டம் நனைந்தது.

அவர் முதலில் பார்த்தது தாளைத்தான். பிறகு, இது கம்பெனியின் தவறு என்றார். எச்சரிக்கை கொடுத்திருக்கவேண்டும், தான் புகார் எழுதப்போவதாகச் சொன்னார். அவள் ட்ரிங்கரைக் கவிழ்த்துக் காட்டினாள். அடிப்புறத்தில் ஒரு ஸ்டிக்கர். தினமும் கழுவவும், வினிகர் போன்ற புளிப்பு எதையும் ஊற்றக்கூடாது என்று படம் போட்டுக் காட்டியிருந்தது. ஏழு பத்தி எழுதிய மனிதர் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"மூணு வீட்டுல ஊத்தச் சொல்லியிருக்கீங்க. எழுந்திரிங்க, போய்ச் சொல்லிட்டு வந்துரலாம்," என்றாள்.

"குரூப்ல ஒரு மெசேஜ் போட்டா போதும்."

போனை எடுத்துத் தட்டினார். எட்டிப் பார்த்தாள். 'மேம்படுத்தப்பட்ட வழிகாட்டுதலின்படி, பயனாளர்கள் தற்காலிகமாக வினிகர் பயன்பாட்டைத் தவிர்ப்பது விரும்பத்தக்கது' என்று இருந்தது.

"கோழி சாகுதுங்க," என்றாள். "தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. ரெண்டே வார்த்தைதான்."

அந்த இரண்டு வார்த்தையை அவர் எந்த டெண்டரிலும் எழுதியதில்லை. சட்டையை மாற்றிக்கொள்ளவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். வழியில் திரும்பி வந்துவிடக்கூடாது என்று அவளும் கூடவே நடந்தாள்.

பஸ் டிரைவர் வீட்டில் மூன்று கோழிகள் சுருண்டு கிடந்தன. தொண்டையைச் செருமி, ஆரம்பத்தில் கிடைத்த தரவுகளின் அடிப்படையில் என்று இவர் தொடங்கினார். பின்னால் நின்ற தையல்காரி, அவர் ஊற்றச் சொன்னது தப்பு, விஷமாகிவிட்டது, உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்று இரண்டே மூச்சில் சொல்லி முடித்தாள். டிரைவர் கொல்லைக்குப் போனார். ட்ரிங்கரைத் தூக்கிவந்து தண்ணீர் முழுவதையும் கொட்டேஷனின் காலடியில் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நனைந்த செருப்பு சளக் சளக் என்று சத்தம் போட, மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அவர் வினிகர் பாட்டிலை வாங்கிவைத்ததோடு சரி, சோம்பேறித்தனத்தால் ஊற்றவே இல்லை. அந்த வீட்டுக் கோழிகள் சோம்பேறியின் புண்ணியத்தில் கொழுகொழுவென்று இருந்தன. ஆனாலும் இங்கே கொட்டேஷன் வாயைத் திறந்தார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றார். கேட்டவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வீடு டீச்சருடையது. கேட்டைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. வாசல் படியோரம் ட்ரிங்கர் நின்றிருந்தது, வாய் நிறைய மண்ணும் ஒரு ரோஜாச் செடியுமாக. பின்னால் கொல்லையில், கொட்டேஷன் வேண்டாமென்று தள்ளிவிட்ட அதே சாதாரணப் பிளாஸ்டிக் டப்பா இரண்டு, கழுவிக் கவிழ்க்கப்பட்டுக் காய்ந்துகொண்டிருந்தன.

டீச்சர் இருவரையும் உட்காரவைத்து டீ கொடுத்தார். கொட்டேஷன் சொல்ல வந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "சார், அன்னைக்கு ரெண்டு மணி நேரம் பேசினீங்க. அதுல ஒரு தடவகூட அத யாரு கழுவுறதுன்னு நீங்க சொல்லல. அப்பவே நான் விட்டுட்டேன்."

"அப்ப ஏன் வாங்கினீங்க டீச்சர்? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். வாங்கிட்டா நீங்க எழுந்து போயிருவீங்க."

பஸ் டிரைவர் காலில் ஊற்றிய தண்ணீர் கொட்டேஷனுக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. டீயைத் தொடாமலே கோப்பையைத் தள்ளிவைத்தார். தையல்காரிக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம்தான். அவளுக்குத் துணிப்பையில் விட்டுவந்த கோழியின் நினைவாக இருந்தது. எழுந்து, வரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

புள்ளிக்காரி மறுநாள் விடியும்போது செத்துப்போனது. டிரைவர் வீட்டில் ஒன்று போனது. மற்ற இரண்டும் பிழைத்தன. கொட்டேஷன் எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டினார். எவ்வளவு ஆழம் என்று அவர் அளக்கவில்லை, அவளிடம் கேட்டார். போதும் என்று அவள் சொல்லும்வரை தோண்டினார்.

அன்றைக்கே அவள் தீவனக்கடைக்குப் போய் இரண்டு பிளாஸ்டிக் டப்பாவைக் கையோடு வாங்கிவந்தாள். கடையில் அவள் நின்றது ஐந்து நிமிடம். முதுகு உயரத்துக்குச் செங்கல் வைத்து, நிழலில் இரண்டு மூலையில் வைத்தாள். பிறகு பிரஷ்ஷைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். தினமும் காலையில் தேய்த்துக் கழுவவேண்டும், வாரம் ஒரு நாள் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறவைத்து, வாடை போகும்வரை அலசவேண்டும். "யாரு கழுவுறாங்களோ, அவங்கதான் இனிமே இந்த வீட்டுல வாங்கலாம்," என்றாள். அவர் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார்.

முதல் வாரம் மேலாகத் தண்ணீர் விட்டு ஆட்டிவிட்டு வந்து நின்றார். அவள் தட்டின் ஓரத்தில் விரலை ஓட்டி, அந்த விரலை அவர் முகத்துக்கு நேரே காட்டித் திருப்பி அனுப்பினாள். இரண்டாம் வாரமும் அனுப்பினாள். இருபது நாளில் கோழிகள் ஒவ்வொன்றாக முட்டையிட ஆரம்பித்தன. ஒன்று மட்டும் அதற்கப்புறம் இடவே இல்லை. அதையும் சேர்த்தே வளர்த்தாள்.

ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, குழாயடியில் குனிந்து உட்கார்ந்திருப்பது யார், வேலைக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

தையல்காரி வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு. ரிட்டயர் ஆயிட்டாரு," என்றாள். "கழுவப் பழகிட்டிருக்காரு. மூல முடுக்குக்கெல்லாம் இன்னும் கை போகல."