கமெரா அணையாத வகுப்பு

தங்கச்சியின் உடல் வைத்த சந்தூக்கின் மேல் பச்சைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த ஸப்ரானை, உம்மா மைமூனா உள்ளே கூப்பிட்டாள்.

"மகன், தங்கச்சிட கம்பியூட்டர் கத்திக்கொண்டே கிடக்கு. வகுப்புப் பிள்ளைகளாம். விசயத்தச் சொல்லிடுங்க."

விடியப்புறம் தங்கச்சி முனவ்வரா மாரடைப்பில் போய்விட்டாள். அழவேண்டிய அண்ணனின் மனதில் ஓடியதோ வேறு: இனி அந்தப் பிள்ளைகள் யாரிடம் கணக்குப் படிக்கும்?

அவனும் கணக்கு மாஸ்டர்தான். புத்தளம் டவுனில் பெயர்போன டியூஷன். கொரோனா நேரம் இருவரும் ஒன்லைனில் இறங்கினார்கள். அவன் கறுப்புப் பெட்டிகளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான். கமெராவைப் போடச் சொன்னால் ஒவ்வொன்றாகக் கழன்று போனார்கள். தங்கச்சிக்கோ உச்சமுனைத் தீவிலிருந்துகூட முகம் காட்டினார்கள். "அவ எங்க படிப்பிக்கிறா? பிள்ளைகளோட கதையடிக்கிறா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவள் காதுக்கும் போயிருக்கும். ஒருநாளும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

மடிக்கணினி முன் உட்கார்ந்தான். திரை நிறைய முகங்கள்.

"உங்கட டீச்சர் மவுத்தாகிட்டா."

"தெரியும் சேர்," என்றான் கட்டிப்போட்ட வள்ளத்தில் இருந்த ஒருவன். "முஃபீதா சொல்லிட்டா."

மூலைப் பெட்டியில், இதே வீட்டுக் குசினிச் சுவரில் சாய்ந்தபடி அவனுடைய சொந்த மகள் முஃபீதா. தன்னிடம் மட்டுமே படிக்கிறாள் என்று நினைத்திருந்தான்.

"எவ்வளவு காலமா?"

"ஆரம்பத்தில இருந்தே, வாப்பா."

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவன் மற்றப் பெட்டிகளைப் பார்த்தான்.

"சரி. திங்கக்கிழமையில இருந்து நான் எடுக்கிறன்."

மைக்குகள் திறந்துதான் கிடந்தன. எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது.

"சேருக்கு என்ட பேர் தெரியுமா?" என்றான் வள்ளத்துப் பையன்.

பையனின் பெட்டியின் கீழே 'வாப்பாட போன்' என்றுதான் எழுதியிருந்தது.

"டீச்சருக்குத் தெரியும்," என்றான் பையன், குற்றம் சொல்லாமல்.

"மாஸ்டர், தூக்கப் போறம்," என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது. ஸப்ரானின் விரல் வகுப்பை முடிக்கும் பொத்தானுக்குப் போனது.

"சேர், முற்றத்துப் பக்கம் கொஞ்சம் திருப்பிவிடுங்களேன்," என்றான் அதே பையன்.

மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடிக்கணினியைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் முற்றம் பார்க்க வைத்துவிட்டு வெளியே போனான்.

சந்தூக்கைத் தோளில் தாங்கி ஜன்னலைக் கடக்கையில் திரை கண்ணில் பட்டது. எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒரு முகமும் தெரியவில்லை. சட்டைப் பொத்தான்கள், ஒரு சாறத்தின் முடிச்சு, ஆடுகிற வள்ளத்தில் விழாமல் நிற்கப் பார்க்கும் இரண்டு முழங்கால்கள்.