கையெழுத்தில்லாத ஏழு படங்கள்

"டீ ஆறுது, குடிங்க" என்றாள் லுட்கார்டா.

ஹியெரோனிம் கண்ணாடித் தம்ளரைத் தொடவில்லை. வார்சாவில் நடக்கப்போகும் பெரிய கண்காட்சிக்குப் படங்கள் தேடி, வூட்ஜ் நகரம் வரை வந்திருந்தான். ஏழு வருடமாக எல்லாரும் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த அருவ ஓவியங்களுக்கு அரசாங்கம் பிடியைத் தளர்த்திவிட்ட இந்த 1957-இல் திடீரென்று மவுசு வந்துவிட்டது. அவன் பட்டியலில் அவள் கணவன் செவெரினின் பெயரும் இருந்தது. ஆனால் அதைப் பென்சிலால் அடித்திருந்தான்.

"செத்துப்போன மனுஷன் பேரை எதுக்கு அடிச்சிருக்கீங்க?"

"அந்த நெசவாலைப் படந்தாம்மா. தறி முன்னாடி நின்னு பல்லைக் காட்டுற பொம்பளைங்க. கீழ அவர் கையெழுத்து. அரசாங்கத்துக்கு வரைஞ்சு கொடுத்தவங்களை நாங்க எடுக்கறதில்ல."

"அதை வரைஞ்சது நான்."

"இப்படிச் சொல்ற மூணாவது விதவை நீங்க" என்று அவன் சிரித்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த வருடங்களில் இவன் எங்கே இருந்தான்? அரசாங்கத்துக்கு வெறும் கோடும் வண்ணமும் பிடிக்கவில்லை. அதைப் போட்டவர்களையும் பிடிக்கவில்லை. ஓவியர் சங்கத்தின் அட்டை இல்லாவிட்டால் வண்ணக் குழாய் கிடையாது, அடுப்புக் கரி கிடையாது, நெஞ்சு நோய்க்காரனுக்கு மலை ஆஸ்பத்திரியில் கட்டிலும் கிடையாது. செவெரின் துணி துணியாக ரத்தம் துப்பிக்கொண்டு, சிரிக்கும் தொழிலாளியை வரைய மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். அவள்தான் ஒன்பது நாளில் வரைந்து, அவன் பெயரைப் போட்டு அனுப்பினாள். அட்டை வந்தது, கட்டிலும் வந்தது. ஏழு வாரம் கழித்து அந்தக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தான்.

இதையெல்லாம் அவனிடம் சொல்ல அவளுக்கு மனமில்லை. கரித்துண்டை எடுத்து, பழைய செய்தித்தாளின் ஓரத்தில், அந்த நெசவாலைப் படத்தின் நடுவில் நிற்கும் தறிக்காரியின் முகத்தை வரைந்தாள். கீழே செவெரினின் கையெழுத்தையும் போட்டாள். ஹியெரோனிம் பையிலிருந்து படத்தின் புகைப்படத்தை எடுத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் சிரிப்பு போய்விட்டது.

"அவருக்குத் தெரியுமாம்மா?"

"ஆஸ்பத்திரியில பேப்பர்ல பாத்தாரு. மூணு நாள் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. நாலாம் நாள், 'வாயை ரொம்ப அகலமாப் போட்டுட்டியேடி'ன்னாரு. அவ்வளவுதான்."

"அப்ப இதை எழுதிக் கொடுங்க. ஆனா வெளியில வந்தா உங்க பேரு நாறிடும். உங்க படம் எதையும் இனி ஒருத்தனும் மாட்ட மாட்டான்."

"எம் பேரு கெடக்கட்டும். அவரு பேரைச் சேருங்க."

எழுதிக் கொடுத்தாள். அவன் ரப்பரால் பென்சில் கோட்டை அழித்தான். ஆறு வருடமாக அவள் நெஞ்சை அடைத்துக் கிடந்தது அந்த நிமிடம் இறங்கியது.

பிறகு அவன் படங்களைக் கேட்டான். கட்டிலுக்கடியிலிருந்து ஏழையும் இழுத்துச் சுவரோரம் சாய்த்தாள். ஒன்றிலும் கையெழுத்து இல்லை. அவளும் செவெரினும் இருந்த ஓவியர் குழுவில் யாருமே போடுவதில்லை. படம் உலகத்துக்குச் சொந்தம், பெயர் போடுவது கடைக்காரன் வேலை என்று இளவயதில் சபதம் செய்தவர்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அறையில், ஒரே தட்டிலிருந்து வண்ணம் எடுத்து வரைந்தார்கள். ஏழில் மூன்றுதான் செவெரினுடையவை.

ஹியெரோனிம் ஒவ்வொன்றாகத் தாண்டி, வெள்ளைப் பரப்பில் ஒரே ஒரு வளைந்த கோடு ஓடும் பெரிய படத்தின் முன் நின்றான். வெகுநேரம் நகரவில்லை.

"இதுதாம்மா அவரோட உச்சம். இதுக்குத் தனிச் சுவரே கொடுப்போம். இது ஒண்ணு போதும், அவரு நிப்பாரு."

லுட்கார்டா வாயைத் திறந்தாள். மேசைமேல் அவள் எழுதிக் கொடுத்த தாளில் மை இன்னும் காயவில்லை. பல்லைக் காட்டும் பொம்பளைகளை வரைந்தவள், கள்ளக் கையெழுத்துப் போட்டவள் இதையும் தன்னுடையது என்றால் இந்தச் சுவர் யாருக்கும் இல்லை. தன் வாழ்நாளில் அதைவிட நல்ல படம் தான் வரைந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"எந்த வருஷம் வரைஞ்சாரு?" அவன் நோட்டைத் திறந்தான்.

"முப்பத்தெட்டு. நல்ல பனி. அடுப்புக்குக் கரி இல்ல. கையுறையைக் கழட்டாமலே வரைஞ்... வரைஞ்சாரு."

முந்தானைத் துணி போல மேலங்கியின் நுனியை இழுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். புருஷனை நினைத்து அழுகிறாள் என்று எண்ணி, ஹியெரோனிம் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டான்.