தொலைவில் உள்ளோர்க்கான கிண்ணம்

வோல்காப் பேராறு கரையோரம் உறையத் தொடங்கி, மீன் உலர்த்தும் பந்தல்களின்மேல் காக்கைகள் குறுகியமர்ந்து, நண்பகலும் அந்திபோல் மங்கிக் கிடந்த கார்த்திகைத் திங்கள் நாளொன்றில், அசுத்திரகான் நகரத்து மரவீடு ஒன்றில், முன்பு கார்த்திலி என்னும் மலைநாட்டை ஆண்டு, இப்போது அடைக்கலம் புகுந்திருந்த மன்னன் இயோதாம் விண்மீன் நூலொன்றைத் தன் தாய்மொழியில் பெயர்த்தெழுதிக் கொண்டிருந்தான். பகைவர் தலைநகர் திபிலிசிக்குள் புகுந்த நாளில் வாளை விட்டு ஏடுகளை வண்டியேற்றி ஓடிவந்தவன் என்று வாய்க்கு வந்தபடி ஏசினர் ஊரார். அவர்களுக்கென்ன, பேசுவதற்கு வரியா கட்டவேண்டும்? அவனுடைய ஒரே மகன் பாதூர் அதற்கு முன்பே பாரசீகரிடம் பிணையாகப் போயிருந்தான்.

அன்று காலை மடலொன்று வந்தது. பாதூர் காய்ச்சலில் மாண்டான் என்ற ஒற்றை வரி. படித்தான், மடித்து ஏட்டின் கீழ்ச் செருகினான், விட்ட இடத்திலிருந்து எழுதலானான். அழுகை வரவில்லை. தன் கையைக் கிள்ளினாலும் வலிக்காதென்றே தோன்றியது. இன்று புனித கியோர்கியின் திருநாள். அரசி துதா இவ்வொரு நாளாவது சிரித்து உண்ணட்டும், நாளை சொல்வோம் என்பது மட்டுமே அவன் நெஞ்சில் எஞ்சியிருந்தது.

"ஏங்க, புத்தகத்த மூடிட்டு வாங்க. சாமி நாளன்னிக்குக் கூடவா நட்சத்திரம் எண்ணணும்?" என்றாள் துதா.

"இந்த ஒரு வரிதான்."

"அந்த ஒரு வரி முடியறதுக்குள்ள ஆட்டுக்கறி ஆறிப்போயிடும் மன்னா!" என்று உள்ளிருந்து முழங்கினான் கைகோசுரோ, பழைய படைத்தலைவன்; இன்று ஒவ்வொருவர் பெயராலும் கிண்ணம் உயர்த்தி வாழ்த்தும் பந்தித் தலைவன்.

பந்தி நிறைந்தது. மாண்டோர்க்கான கிண்ணத்தைக் கைகோசுரோ உயர்த்த, அனைவரும் வழக்கப்படி அப்பத்தின்மேல் ஒரு துளி தேறல் சிந்திப் பின் பருகினர்.

"அழுதது போதும்! இப்ப அடுத்த கிண்ணம், தூரத்துல இருக்கிற நம்ம பாதூருக்கு. சீக்கிரம் வந்து அம்மா கையால சாப்பிடணும். இந்தக் குடும்பத்துல புத்தகம் படிக்காத ஒரே ஆளு; அவன நம்பித்தான் நாட்டக் குடுக்கலாம்!" என்றான் கைகோசுரோ.

எல்லாரும் நகைத்தனர், துதாவும் கண்ணில் நீர் வருமளவு நகைத்தாள். இயோதாம் எழுந்து கிண்ணத்தை உயர்த்தினான். பருகுமுன் அவன் கை தானாகச் சாய்ந்தது. வெள்ளை அப்பத்தில் செந்துளி பரவிற்று.

"ஐயோ மன்னா, அது செத்தவங்களுக்கு! படிச்சுப் படிச்சு எந்தக் கிண்ணம்னே தெரியல உங்களுக்கு," என்று சிரிக்க முயன்றான் கைகோசுரோ.

மறந்துவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் மறதி நாடறிந்தது. அந்தச் சொல் வரவில்லை.

துதா அப்பத்தைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும்?"

"காலையில."

"தெரிஞ்சும் எழுதிக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமா துதா."

அவள் கதறவில்லை. தன் கிண்ணத்தை எடுத்துத் தன் அப்பத்தின்மேல் மெல்லச் சாய்த்தாள், பின்னர்க் கைகோசுரோ, பின்னர்ப் பந்தியிலிருந்த ஒவ்வொருவரும். கற்றறிந்தோரே, நாடிழந்த துயரைக்கூட நூல்களுக்குள் புதைத்துவிடலாம். பெற்ற மகனை அங்கே புதைக்க இயோதாமால் ஒரு பகல்கூட இயலவில்லை.