அறுக்காத பக்கங்கள்

நஜ்முதீன் புத்தகப் பெட்டியைக் கட்டில் காலடியில் இறக்கி வைத்தபோது பாப்பா எழுந்து உட்காரவில்லை. மரியாதை தெரியாமல் இல்லை. டாக்டர் உத்தரவு அப்படி. ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. முதல் இரண்டும் இதே ஐந்தாம் மாதத்தில்தான் கலைந்துபோயின. இந்தத் தடவை பிள்ளை வேண்டுமென்றால் குளியலறைக்குப் போவதைத் தவிர வேறு எதற்கும் காலைத் தரையில் வைக்காதே என்று டாக்டர் சொல்லி இருபது நாள் ஆகியிருந்தது. இருபது நாளாக, ஈப்போ பக்கத்துச் செமோரில் இருந்த அந்த வீட்டுக் கூரையின் தகரத்தில் எத்தனை ஆணி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து அலுத்துப் போயிருந்தாள்.

"படுத்தே இரு தங்கச்சி," என்றார் நஜ்முதீன். கல்யாணத்துக்கு முன்னால் ஈப்போவில் அவருடைய பழைய புத்தகக் கடையில்தான் பாப்பா வேலை பார்த்தாள். "அந்தப் பழைய தொரை பங்களாவ உடைக்கிறானுங்க. சீனத் தவுக்கே ஒருத்தன், பெரிய மொதலாளி, அங்க வீடு கட்டப் போறானாம். நாக்காலி மேசையெல்லாம் போட்டி போட்டு வாங்கிட்டுப் போனானுங்க. இத ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கல. நீதான் இங்கிலீசு கத வெறி புடிச்சவளாச்சேன்னு கொண்டாந்தேன்."

"எவ்வளவுண்ணே?"

"தாப்பா லா, காசெல்லாம் வேணாம். புள்ள பொறந்ததும் ஒரு பிரியாணி போடு."

"பிரியாணி நீங்கதாண்ணே போடணும். நான் போட்டா உங்க வீட்ல கொசு கூட தொடாது."

அவர் சிரித்து முடிப்பதற்குள் மாமியார் இருளாயி தேத்தண்ணியோடு வந்தாள். பெட்டியைப் பார்த்தவள் குவளையை நீட்டாமல் அப்படியே நின்றாள். "எந்தப் பங்களா?"

"நீங்க ஆயாவா இருந்தீங்களே, அதேதாங்க்கா."

இருளாயி குவளையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே ரொம்ப நேரம் கை கழுவும் சத்தம் கேட்டது.

கணவன் அர்ச்சுனனுக்குக் கமுந்திங் தொழிற்பேட்டையில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு போய்விடுவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இருளாயிக்கு ஐம்பது தாண்டியிருந்தாலும் உடம்பு கயிறு போல முறுகி இருக்கும். சமைப்பது, துவைப்பது, கோழிக்குத் தவிடு பிசைந்து வைப்பது, மருமகளுக்குத் தலை வாரி விடுவது எல்லாம் அவளே. முதல் பிள்ளை போனபோதும் இரண்டாவது போனபோதும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால், "என் மருமவள சொல்றதுக்கு முன்னாடி என்னைய சொல்லுங்க," என்பாள். அதைப் பாசம் என்றுதான் பாப்பா நினைத்திருந்தாள். பாசம்தான். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை உண்மையும் அதுதான் என்று அப்போது தெரியாது.

மாசமாக இருப்பவள் பகலில் கண் அசந்தாலும் பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும் என்று, தான் பால்மரம் சீவிய காலத்துக் கத்தியைப் பாப்பாவின் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். நுனி வளைந்த கத்தி. ரப்பர் பாலின் வாடை அதை விட்டு இன்னும் போகவில்லை.

பெட்டியில் இருந்தவை எல்லாம் ஒரே ரகம். இங்கிலாந்தின் பெரிய வீட்டுப் பெண்களுடைய வாழ்க்கை வரலாறுகள். டச்சஸ், கவுண்டஸ், லேடி இன்னார். நாட்டை ஆண்டதாகப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆண்களுக்குப் பின்னால் இத்தனை பெண்கள் கடிதம் எழுதிக்கொண்டும் விருந்து வைத்துக்கொண்டும் மந்திரிகளை ஏற்றி இறக்கிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள் என்பது பாப்பாவுக்கு வேடிக்கையாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் படிப்பாள். இருளாயி தரையில் உட்கார்ந்து பயிற்றங்காய் கிள்ளியபடி, "என்ன எழுதியிருக்கான், சொல்லு," என்பாள். பாப்பா தமிழில் சொல்லுவாள்.

"ஒருத்தி ராணிக்கு உயிர்த்தோழியாம் அத்தே. ராணி எதுன்னாலும் இவளக் கேட்டுத்தான் செய்வாளாம். கடைசியில ராணிகிட்டயே சண்ட போட்டுட்டா."

"வாய் நீளம் லா அவளுக்கு. ராணின்னா ஒரு அடி தள்ளியே நிக்கணும்."

"இன்னொருத்தி எலெக்சனுக்குத் தெருவுல எறங்கி ஓட்டுக் கேட்டிருக்கா. கசாப்புக்கடைக்காரங்கிட்டக்கூட."

"நம்ம பக்கம் வர்றானுங்களே ஆம்பளைங்க, மாலையும் துண்டுமா! ஒருத்தன் நம்ம வாசப்படிய மிதிச்சானா? அவ பொம்பள."

இப்படி இரண்டு வாரத்தில் அந்தச் சீமாட்டிகள் எல்லாம் அடுத்த சந்துப் பெண்களைப் போல ஆகிவிட்டார்கள். சனிக்கிழமை வந்த அர்ச்சுனன், அம்மாவும் மனைவியும் யாரோ ஒரு டச்சஸின் ஓடிப்போன மகளைப் பற்றிக் கவலைப்படுவதைக் கேட்டு, "அந்தப் பொண்ணுக்கு நம்ம மச்சான பாத்து முடிச்சிருவமா?" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

இரண்டாவது புத்தகத்தின் நடுவில்தான் அது முதலில் நடந்தது. ஒரு லேடி மாளிகைப் படியில் இறங்கிவருகிற இடத்தில் பாப்பா தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். இருளாயி காயைக் கிள்ளிக்கொண்டே, "மூணாவது படியில சறுக்குவா. கையில மெழுகுவத்தி இருக்கும்," என்றாள். பாப்பா பக்கத்தைப் புரட்டினாள். மூன்றாவது படி. மெழுகுவர்த்தி. பிறகு அவளுக்கே விளங்கியது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அவசரகாலத்தில், பங்களாவைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு வெளியே போக முடியாமல் கிடந்த நாட்களில், துரையின் மனைவி துரைசாணி இதையெல்லாம் அத்தைக்குப் படித்துச் சொல்லியிருப்பாள்.

"ஆமா," என்றாள் இருளாயி. "அவங்களுக்குத் தோட்டத் தமிழ் வரும். நான் காலு புடிச்சு விடுவேன், அவங்க படிச்சு சொல்லுவாங்க."

அவ்வளவுதானே என்று பாப்பாவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்றாவது புத்தகம் லேடி ஆகஸ்டா என்கிற ஒரு கவுண்டஸைப் பற்றியது. பிரதம மந்திரி காலைச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கு வந்துதான் அன்றைய சபையில் என்ன பேசுவது என்று முடிவு செய்வாராம். ஆனால் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. முதலாவது போயிற்று. இரண்டாவதும் போயிற்று. செவ்வாய்க்கிழமை பாப்பா இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டாள். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். இருளாயி சுவரைப் பார்த்தபடி, "வீட்ல இருக்கிற எல்லாக் கடிகாரத்தையும் நிறுத்தச் சொல்லுவா," என்றாள். "மாடத்துல இருக்கிற சின்னக் கடிகாரத்த மட்டும் வேலக்காரி மறந்துருவா. அது ராவெல்லாம் அடிச்சிகிட்டே இருக்கும்."

மறுநாள் பாப்பா பக்கத்தைப் புரட்டப் பார்த்தாள். முடியவில்லை. அந்தக் காலத்துப் புத்தகங்களில் தாளை மடித்துத் தைத்துவிடுவார்கள்; வாங்கியவர்தான் கத்தியால் மடிப்பை அறுத்து அறுத்துப் படிக்க வேண்டும். நூற்று அறுபதாம் பக்கம் வரைக்கும் யாரோ நேர்த்தியாக, நூல் பிடித்த மாதிரி அறுத்திருந்தார்கள். அதற்கு மேல் எல்லா மடிப்பும் அப்படியே இருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்து ஒரு மடிப்பை அறுத்தாள். வளைந்த நுனி தாளைக் கடித்துக் கடித்து, ஓரமெல்லாம் எலி கொறித்தது போல ஆயிற்று. திறந்து படித்தாள். கடிகாரங்கள். மறந்துபோன வேலைக்காரி. மாடத்தில் விடிய விடிய அடித்த சின்னக் கடிகாரம்.

பட்டப்பகல். வெளியே கோழி கொத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் பாப்பா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அத்தே," என்று கூப்பிட்டாள். இருளாயி ஈரக்கையோடு வந்தாள். "துரைசாணி இத உங்களுக்குப் படிச்சிருக்க முடியாது. இந்தத் தாள இதுவரைக்கும் யாரும் தெறக்கவே இல்ல."

இருளாயி முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"அப்பப் படிக்கல," என்றாள் கடைசியில். "இப்பத்தான் படிக்கிறாங்க. நீ நிறுத்துனதும், நீ விட்ட எடத்துலேருந்து. அதே தோட்டத் தமிழுல."

இருளாயி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ரெண்டு போச்சு தாயி. அவங்களுக்கும் ரெண்டு போச்சு. மூணாவது வயித்துல இருக்கறப்பதான் இந்தப் புத்தகத்த எடுத்தாங்க. இந்தப் பக்கம் வந்ததும் மூடிட்டாங்க. மேல தெரிய வேணாம் இருளாயின்னாங்க. அந்த மூணாவதும் தங்கல. அதுக்கப்புறம்தான் எனக்கு அர்ச்சுனன் பொறந்தான்."

பிள்ளை தங்காதவர்கள் என்ன செய்வார்கள் என்று பாப்பாவுக்கும் தெரியும். பிறந்ததை இன்னொருத்தி மடியில் போட்டு, 'இது உன் பிள்ளை' என்று சொல்லிவிட வேண்டும். பிறகு ஒரு கைப்பிடி தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். யார் பிள்ளை என்று குழம்பிப்போய்ச் சாவு திரும்பிப் போய்விடும். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்களில் யாராவது ஒருத்தியிடம் போட்டிருக்கலாம். இருளாயி, சாவுக்குச் சந்தேகமே வராத மடியாகத் தேடியிருக்கிறாள்.

"துரைசாணி மடியில போட்டேன். அவங்க அவன ரொம்ப நேரம் வெச்சிருந்தாங்க. மூஞ்சியப் பாத்துகிட்டே இருந்தாங்க. நான் தவிட்ட நீட்டுனேன். சிரிச்சிட்டாங்க பாப்பா. 'தவிடு எனக்கு எதுக்கு, நான் என்ன குதிரையா?'ன்னு என் கையத் தட்டிவிட்டாங்க. தவிடெல்லாம் கம்பளத்துல கொட்டிப்போச்சு. நானும் கூடச் சேந்து சிரிச்சிட்டு, புள்ளைய தூக்கிட்டு வந்துட்டேன். வாங்காமலே தூக்கிட்டு வந்துட்டேன்." அவள் குரல் உடையவில்லை, இத்தனை வருஷமாக உள்ளுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல் அது. "ரெண்டு மாசத்துல ஊருக்குக் கப்பல் ஏறுனாங்க. ஒரு வருசத்துல தவறிப் போயிட்டாங்கன்னு தோட்டத்து ஆபீஸ் கிராணி சொன்னாரு. அர்ச்சுனன அவங்க ஒண்ணும் செய்யல. ஆசையா வளத்தாங்கன்னுதான் சொல்லணும், ஒரு காச்சல் வந்ததில்ல அவனுக்கு. அவன் புள்ளைங்களத்தான்…"

பாப்பாவின் வயிற்றைப் பார்த்தாள்.

பாப்பா இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரைக்கும் படித்தவள். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. டாக்டர் படுத்திரு என்றார், படுத்திருக்கிறாள். அத்தை இரும்பு வை என்றாள், வைத்திருக்கிறாள். தவிட்டிடம் மட்டும் என்ன கோபம்? வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். இன்னும் அசைவு தெரியவில்லை. முதல் இரண்டும் அசைந்ததே இல்லை.

"மூணாவதுக்கு என்னாவுது அத்தே? அந்தக் கவுண்டஸுக்கு?"

"தெரியல. நான் காதப் பொத்திக்கிட்டேன்."

"தவிடு எடுத்துட்டு வாங்க," என்றாள் பாப்பா.

இருளாயி கோழிப் பானையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நடுவீட்டில் விழித்தாள். பாப்பா புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்தாள். அறுக்காத தாள்கள் பக்கவாட்டிலும் அடியிலும் மடிந்து, மேலே மட்டும் வாய் திறந்து, சின்னப் பை மாதிரி இருந்தன. அடுத்த மடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் எழுத்துகள் இருட்டுக்குள் வரிசையாக இறங்கிப்போவது தெரிந்தது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. அதற்குள் இருளாயி தவிட்டை மெல்லக் கொட்டினாள்.

"தவிடு குடுத்தேன். புள்ளைய வாங்கிட்டேன்." மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை, அழுதபடி, "வாங்கிக்கங்கம்மா. சிரிக்காதீங்க," என்றாள்.

புத்தகத்தை மூடி முக்காலியின் மேல் வைத்தார்கள். பாப்பா கத்தியைத் தலையணைக்கு அடியில் திரும்பச் செருகிக்கொண்டு, அதன் மேல் தலையை வைத்துப் படுத்தாள். சுண்ணாம்பு மலைப் பக்கமிருந்து மழை வந்தது. தகரத்தில் விழும் சத்தத்தில் கண் அசந்துபோனாள்.

விழித்தபோது மழை விட்டிருக்கவில்லை. அத்தை கொல்லையில் கொடித் துணியை அவசரமாக உருவிக்கொண்டிருந்தாள். கூரைத் தண்ணீர் விழும் சத்தத்தை மீறி அவள் வளையல் சத்தம் கேட்டது. கத்தி தலைக்கு அடியில் அழுத்தியது. முக்காலியில் புத்தகம் திறந்து கிடந்தது.

பாப்பா மெல்ல ஒருக்களித்தாள். அவள் அறுத்த தாளின் ஓரம் கொறித்த மாதிரியே இருந்தது. அடுத்த மடிப்பு பக்கவாட்டிலும் அடியிலும் அறுபட்டிருந்தது, நேர்த்தியாக, நூல் பிடித்த மாதிரி. தாளின் மேல் தவிடு இல்லை. முக்காலியில் இல்லை. கையை நீட்டித் தரையைத் தடவினாள். ஒரு பொட்டுகூட இல்லை.

அப்போதுதான் உள்ளே அது அசைந்தது. மீன் வாலைத் திருப்பியது போல ஒரே ஒரு தடவை.

"அத்தே!"

இருளாயி ஈரத்துணிக் குவியலோடு ஓடிவந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள், அவள் கை இருந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். துணி கையிலிருந்து நழுவியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து எதையோ கேட்பது போல நின்றாள்.

"என்ன அத்தே? படிக்கிறாங்களா?"

இருளாயி உதட்டில் விரலை வைத்தாள். இந்தத் தடவை அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

பாப்பா வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்காமல், எழுத்துகளின் மேல் கண்ணைப் போடாமல், பக்கத்தின் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னல் சாத்தியிருந்தது. அந்த ஓரம் மெல்ல மேலே எழுந்தது, விரலால் தூக்கியது போல. எழுந்து, திரும்பாமலும் விழாமலும், அங்கேயே நின்றது.