மாட்டியவர் எடுக்கும்வரை

மாடிப்படிக்குக் கீழே இருந்த மெயின் பெட்டியை நோக்கி எதிர்வீட்டுக்காரர் கை நீட்டியதும் அவன் கத்திவிட்டான்.

"தொடாதீங்க!"

அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல தம்பி, புழுக்கமா இருக்கே, ஃபேன் போடலாம்னு..."

"வேண்டாம்."

அவன் மனைவியின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து பதினொரு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். மணி பத்தே கால். நேற்று மதியத்திலிருந்து வீட்டில் மின்சாரம் இல்லை. அவன் சட்டையையும் மாற்றவில்லை. சட்டைப்பையின் மேல் கையை வைத்தபடி நின்றான்.

மனைவியின் தங்கை அருகில் வந்தாள். "நெஞ்சு வலிக்குதா அத்தான்?"

"இல்ல."

"குளிச்சிட்டு வாங்க. சட்டையைக் கழட்டிக் குடுங்க, அலசிப் போடறேன்."

"அப்புறம்."

"காலையிலேருந்து இதையேதான் சொல்றீங்க." அவள் அவனுடைய கையைப் பார்த்தாள்.

மாமனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "ரொட்டி ஃபேக்டரியில எட்டு வருஷம் மெஷினோட மல்லுக்கட்டினவ. அங்க மெஷினுக்குள்ள கை விடறதுக்கு முன்னாடி மெயினை அணைச்சு, அவங்கவங்க பேர் போட்ட வில்லையை அதுல மாட்டணுமாம். மாட்டினவங்கதான் எடுக்கணும். என் வீட்டுக்கு வந்து பல்பு மாத்தினாக்கூட, தலையில இருக்கற ரப்பர் பேண்டை உருவி மெயின்ல மாட்டுவா. நான் ஒரு தடவை எடுத்துட்டேன். உண்டு இல்லைன்னு ஆக்கிட்டா."

"அப்ப நேத்து ஏன் மாட்டல?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவன் கை சட்டைப்பையை இறுக்கியது.

வாசலில் ஃபைலோடு ஒருவர் வந்து நின்றார். குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மின்வாரியத்துலேருந்து எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் சார். வயரிங் பர்மிட்டுக்கு இன்னிக்கு வர்றதா சொல்லியிருந்தோமே. வீட்ல ஏதாவது விசேஷமா?"

சமையலறைச் சுவரில் பிளக் பாயிண்ட் கழன்று தொங்கி ஒரு மாதம் ஆகிறது. அன்றே மாற்றித் தருவதாக எலக்ட்ரீஷியன் சொன்னார். பழைய வயரிங், பர்மிட் வராமல் யாரும் கை வைக்கக் கூடாது என்று அவன்தான் பிடிவாதமாக நின்றான். "உங்க பர்மிட் வர்றதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடும். அப்ப மிக்ஸி இல்லாம எதைச் சாப்பிடறது?" என்று மனைவி கேலி செய்தாள். டேப்பாவது சுற்றி வைக்கிறேன் என்றாள். அவன் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

மாமனார் எழுந்துவிட்டார். "வாய்யா. மூணு வாரமா எங்க போயிருந்தே? முந்தாநாள் வந்திருந்தா எம்பொண்ணு இருந்திருப்பா."

இன்ஸ்பெக்டருக்குப் புரிய சற்று நேரம் ஆனது. செருப்பைக் கழற்றினார். சமையலறையில் கவிழ்ந்திருந்த ஸ்டூலையும், பாதி சுற்றிய டேப்பையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மெயின் பெட்டியின் முன் குனிந்தார்.

"ஆஃப்ல இருக்கு. யார் அணைச்சது?"

"நான்," என்றான் அவன்.

"அவங்க விழுந்த பிறகா?"

"ஆமா."

"அப்ப அதுவரைக்கும் ஆன்ல இருந்திருக்கு." அது கேள்வி இல்லை. ஃபைலைப் படிக்கட்டில் வைத்து எழுதத் தொடங்கினார்.

"என்ன எழுதறே? படி," என்றார் மாமனார்.

"விண்ணப்பம் நிலுவையில இருக்கறப்ப விபத்துன்னா அறிக்கை குடுக்கணும் பெரியவரே." தயங்கினார். "இறந்தவரின் கவனக்குறைவுன்னு..."

அவ்வளவுதான். இனி யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

மாமனார் சண்டை போடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"மறந்துட்டாளோ?" என்றார். காலையிலிருந்து முதல்முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது. "அவசரத்துல மறந்துட்டா போல."

நேற்று அவன் பாதி நாள் விடுப்பில் வந்திருந்தான். ஃபேன் ஓடவில்லை. அந்த மெயின் வாரத்தில் நான்கு நாள் தானாகவே விழும். அவளைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. இருட்டில் கையை விட்டுக் கைப்பிடியை மேலே தள்ளினான். விரலில் ஏதோ துணி போலப் பட்டது. ஒட்டடை என்று நினைத்தான். சமையலறையில் ஸ்டூல் விழுந்தது. மறுபடி கீழே இழுத்தபோது அது விரலோடு வந்துவிட்டது.

அவன் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தான். பச்சை ரப்பர் பேண்ட். இரண்டு முடி சுற்றியிருந்தது.

இன்ஸ்பெக்டரைத் தாண்டிப் போய், கீழே இறங்கியிருந்த கைப்பிடியில் அதை மாட்டினான். ஒருமுறை நழுவியது. மறுபடி மாட்டினான்.

"இங்கதான் இருந்துச்சு, மாமா," என்றான்.

மாமனார் அதைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரின் பேனா நின்றிருந்தது.

வாசலில் ஒரு வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். போகிறபோது மெயின் பெட்டியை உரசாமல் ஒவ்வொருவராகச் சற்று விலகி நடந்தார்கள்.