வால்நட் என்று அடித்துக் கொடுத்தவன்

1

இந்தக் கதை ஒரு லேபிளிலிருந்து வந்தது. மூன்று அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம். அடித்தது நான். அதில் ஒரு சொல் பொய். அந்தச் சொல்லை நம்பி என் மனைவி இறந்தாள். பொய்யை எனக்குச் சொன்ன பெண்ணுக்கு இது தெரியாது. அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று புரியாமல் எழுத ஆரம்பித்தேன். எழுதினால் புரியும் என்று நினைத்தேன். இன்று ஒன்பதாவது நாள்.

எனக்கு இரணியலில் ஒரு டி.டி.பி. கடை. எம்.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்கும்வரை என்று ஆரம்பித்தது. கல்யாணப் பத்திரிகை, புதுநன்மை அட்டை, கண்ணீர் அஞ்சலி. சிறுபத்திரிகைகளில் மூன்று கதைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் படித்தவர்களைவிட நான் அடித்த மண்டைக்காடு கொடை நோட்டீஸைப் படித்தவர்கள் அதிகம்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்தப் பொய்யைச் சொன்ன கல்லூரி மாணவிக்கு அபினா என்று வைத்தேன். அவள் அம்மாவுக்கு செசிலி. எனக்கு ஆன்றோ. மனைவிக்கும் ஒரு பெயர் யோசித்து அடித்தேன். அடித்ததும் அது வேறு யாரோவாகிவிட்டது. அழித்துவிட்டேன். ரெஜிஷா என்பது அவளுடைய பெயரேதான்.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை முதலே மேகம் கவிந்து" (நிறுத்தினேன். அன்று நல்ல வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: "அபினாவின் விரல்களில் எப்போதும் வெனிலா மணக்கும்." (அவள் விரல்களை நான் முகர்ந்ததில்லை. இந்த மாதிரி வாக்கியம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பொய் எவ்வளவு சுலபம் என்று பாருங்கள்.)

மூன்றாம் தொடக்கம், நடந்தபடி:

2013 ஜூலையில் அபினா ஒரு பென் டிரைவோடு கடைக்கு வந்தாள். நாகர்கோவிலில் பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. எங்கள் சர்ச், எங்கள் பங்குதான். கப்கேக் செய்முறை ஒன்றைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே நின்று படித்தாள்.

"அண்ணா, ஆல் பர்பஸ் ஃப்ளவர்னா என்னதாக்கும்?"

"மைதா."

"சவத்த, மைதாவுக்கா இந்த ஆடம்பரம்?"

முதல் கப்கேக்குகளைக் குக்கரில் மணல் போட்டு, எவர்சில்வர் டம்ளர்களில் வேகவைத்தாளாம். டம்ளரிலிருந்து எடுக்க முடியாமல் அம்மாவும் மகளும் கரண்டியால் தோண்டித் தின்றார்களாம். பிறகு மாமன் சவுதியிலிருந்து வந்தபோது ஒரு சின்ன ஓவன் கொண்டுவந்தார். காகிதக் கப் வாங்கினாள். கல்லூரி விடுதிப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு முறையும் எது பொங்கியது, எது அமுங்கியது என்று எனக்கு வந்து சொல்வாள். சோடா உப்பு ஏன் வேலை செய்கிறது என்பதை வகுப்பில் நடத்துவதுபோல விளக்குவாள். தேர்வில் மட்டும் அந்தக் கேள்வி வரவே இல்லை என்பாள்.

அடுத்தது பிரவுனி. அந்தச் செய்முறையையும் நான்தான் பிரிண்ட் எடுத்தேன். அதில் இருந்தது: ஒரு கப் வால்நட், நறுக்கியது.

3

நவம்பரில் லேபிள் கேட்டாள். டப்பாவின் மேல் ஒட்ட.

வால்நட் பிரவுனி. முட்டை சேர்த்தது. வீட்டில் செய்தது.

இங்கே வால்நட் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். மாமன் கொண்டுவந்தது என்றாள். ("கீழே பார்த்தபடி சொன்னாள்" என்று ஒரு வரைவில் இருக்கிறது. அது நான் பின்னால் சேர்த்தது. அவள் எங்கே பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

முதல் சொல்லைத் தடித்த எழுத்தாக்கினேன். கொஞ்சம் பெரிதாக்கினேன். அதுதான் ஆட்களை இழுக்கும் என்றேன். அவள் சிரித்தாள்.

அடிக்குறிப்பு: அதுவரை நான் வால்நட் தின்றதில்லை. பார்த்ததும் இல்லை. அகராதியில் அக்ரூட் என்று போட்டிருந்தது. அதையும் நான் தின்றதில்லை.

லேபிளுக்குக் காசு வேண்டாம் என்றேன். அதற்காக, லேபிள் ஒட்டிய முதல் டப்பாவை டிசம்பரில் எனக்குக் கொண்டுவந்தாள்.

4

ரெஜிஷாவுக்கு அண்டிப்பருப்பு ஆகாது. மற்ற ஊர்க்காரர்களுக்கு முந்திரி என்று சொல்ல வேண்டும். ஒரு துணுக்கு பட்டால் உதடு தடிக்கும், கழுத்து சிவக்கும், ஒரு மாத்திரையில் அடங்கும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு மேலும் போகும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கொல்லாமரம், அதாவது முந்திரி மரம், நிற்கும். பாயசத்தில் அண்டிப்பருப்பு இல்லையென்றால் வீட்டுக்காரருக்குக் குறைச்சல். ஆகாது என்று சொன்னால் முகம் மாறும். கல்யாணமான புதிதில் என் பெரியம்மா வீட்டில் ரெஜிஷா அதைச் சொன்னாள். பெரியம்மா, "ஓ, சாயிப்பு வீட்டுப் பிள்ளையா நீ?" என்று கேட்டார். வெள்ளைக்காரன் வீட்டில் பிறந்தவளா என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் வெளியே சொல்வதில்லை. பாயசக் கிண்ணத்தைப் பையத் தள்ளி என் பக்கம் வைத்துவிடுவாள். நான் இரண்டு கிண்ணம் குடிப்பேன்.

ஆகவே அபினாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இதை நான் பலமுறை சரிபார்த்துவிட்டேன்.

5

டிசம்பர், இரண்டாம் ஞாயிறு, மாலை நாலு மணி.

ரெஜிஷா டப்பாவைக் கையில் எடுத்து லேபிளைப் படித்தாள். நர்சரி டீச்சர். எதையும் வாய்விட்டுத்தான் படிப்பாள்.

"வால்நட்டு எனக்கு ஆவுமா?"

"பாதாம் தின்னுதியல்லா. பிறவென்ன?"

"இதுல அண்டிப்பருப்பு இல்லியே?"

"நான் அடிச்ச லேபிளுட்டீ அது," என்றேன். "தின்னு."

நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். அவள் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். மென்றாள். "கொள்ளாம்," என்றாள். நன்றாயிருக்கிறது என்று. "அபினாட்ட சொல்லு, இன்னும் ஒரு டப்பா வேணும்னு."

இரண்டாவது கடி கடித்தாள். தண்ணீர் கேட்டாள்.

(இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

6

ஆட்டோவில் போனோம். "ரயில்வே கேட் மூடியிருந்தது" என்று முதல் வரைவில் எழுதினேன். சரக்கு ரயில் ஒன்று போனது. ஐம்பத்தெட்டு பெட்டிகளை எண்ணினேன் என்றுகூட எழுதினேன். படித்த நண்பர் அந்த இடம் உலுக்கிவிட்டது என்றார். அன்று கேட் திறந்துதான் இருந்தது. ஆட்டோக்காரர் எங்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வாசலுக்கே வந்தார். யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. நாலு நாற்பதுக்கு முடிந்துவிட்டது.

டாக்டர் கேட்டார். பிரவுனி, வால்நட் போட்டது என்றேன். எழுதிக்கொண்டார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் ஹார்ட் என்றார்கள். இருபத்தேழு வயதில் ஹார்ட்டா என்றார்கள். நான் திருத்தவில்லை. அபினாவின் பெயர் நான்கு வாயில் விழ வேண்டாமே என்றுதான், என்று எழுதினேன். பாதி உண்மை. லேபிள் என்னுடையது என்பது மீதி.

அபினாவும் வந்தாள். பெட்டி பக்கத்தில் முழங்காலிட்டு நிறைய நேரம் அழுதாள். செசிலி அவளை எழுப்பிக் கூட்டிப்போனார். கண்ணீர் அஞ்சலியை நானே அடித்தேன். வேறு எங்கே கொடுப்பது?

7

இனி வருவது நடந்தபடியே. ஒரு சொல் சேர்க்கவில்லை.

மார்ச், தவக்காலம். வியாழக்கிழமை காலை பதினோரு மணி. அபினா வந்தாள். வழக்கமாக பெஞ்சில் உட்காருவாள். அன்று நின்றாள்.

"அண்ணா, ஒரு காரியம் சொல்லணும். ஏசப்பிடாது."

"சொல்லு."

"லேபிள்ல ஒரு தப்பு கெடக்கு."

ஃபைலைத் திறந்தேன்.

"அது வால்நட் இல்ல. அண்டிப்பருப்பாக்கும்."

மீதியை அவளே சொன்னாள். செசிலி அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புக்குத் தொலி எடுக்கிற வேலையில் இருந்தவர். மாலையில் வெளியே விடும்போது சோதிப்பார்கள். ஆனாலும் தினமும் ஒரு பிடி உடைந்த பருப்பு சேலை மடிப்பில் வீட்டுக்கு வந்துவிடும். பிரவுனியில் போட்டது அதைத்தான். டப்பாவில் அண்டிப்பருப்பு என்று எழுதினால் இவ்வளவு பருப்பு எங்கிருந்து என்று யாராவது கேட்பார்கள். அம்மாவுக்கு வேலை போகும். செய்முறையில் வால்நட் என்று இருந்தது. அதையே சொல்லிவிட்டாள்.

ஜனவரியில் செசிலி வேலையை விட்டுவிட்டார். இனி பயமில்லை. ஈஸ்டருக்கு முன் அபினா பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். யாரிடம் பொய் சொன்னாயோ அவரிடமே போய்த் திருத்து என்று சாமியார் சொல்லியிருக்கிறார்.

"மூணு அருள்நிறைந்த மரி செபம் சொல்லியாச்சு," என்றாள். "இது ஒண்ணுதான் பாக்கி."

முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல். எனக்கு நேரே நின்று சிரித்தாள்.

நான் கேட்டது இது: "முந்திரின்னு போடவா, அண்டிப்பருப்புன்னு போடவா?"

உண்மையாகவே அதைத்தான் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்டது. எந்த வித்தியாசமும் இல்லை.

"முந்திரின்னே போடுங்க. அண்டிப்பருப்புன்னா நம்ம ஊர்க்காரவியதான் வாங்குவாவ."

மாற்றினேன். தடித்த எழுத்தை அப்படியே விட்டேன். அடுத்த வாரம் சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவள் படியிறங்கப் போய்த் திரும்பினாள்.

"அண்ணா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அக்கா அதத் தின்னாவளா? பிடிச்சிருந்துதா?"

"பிடிச்சிருந்துது," என்றேன். "இன்னொரு டப்பா வேணும்னு சொன்னா."

அவள் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு போனாள்.

அது உண்மையும்கூட. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

8

அபினா என்ற பாத்திரத்தைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். இரண்டு நாள். ஒட்டவில்லை. பிறகு செசிலியைப் பேராசைக்காரியாக எழுதினேன். ஒரு பிடி உடைசல் பருப்புக்கு மேல் அந்தப் பேராசை வளர மறுத்தது. மிஞ்சியது கதைசொல்லி. இவன்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்.

ஐந்தாம் பகுதியில் இவன் ஒரு துண்டை வாயில் போட்டான் என்று எழுதி மேலே போய்விட்டேன். நீங்களும் போயிருப்பீர்கள். திரும்பிப் பாருங்கள். கொல்லாமரத்தடியில் வளர்ந்தவன். பச்சைப் பருப்பு, சுட்ட பருப்பு, பாயசப் பருப்பு எல்லாம் தின்றவன். அவள் கிண்ணத்தையும் சேர்த்து இரண்டு கிண்ணம் குடித்தவன். அவன் நாக்குக்கு அது என்னவென்று தெரியாதா?

தெரிந்தது. அரை நொடி. அண்டிப்பருப்பு மாதிரியே இருக்கிறதே வால்நட், என்று நினைத்தேன். அப்படியே, இந்தச் சொற்களிலேயே நினைத்தேன். பிறகு விழுங்கினேன். நாக்கைவிட லேபிளை நம்பினேன். அடித்தது நான் என்பதால் நம்பினேன். அவளும் அதனால்தான் நம்பினாள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பத்தியை எழுதுவதற்குத்தான் ஒன்பது நாளும் ஆகியிருக்கிறது.

9

முடிவுகள்.

அ) அபினாவிடம் சொல்கிறேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் அதற்குப் பிறகு ஓவனைத் தொடுவதில்லை. செசிலி மகள் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு பக்கம் எழுதினேன். அதில் நான் கண்ணீரோடு அவர்களை மன்னிக்கிறேன். என் நாக்கைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கிழித்துவிட்டேன்.

ஆ) சொல்லவில்லை. அபினா நாகர்கோவிலில் கடை போடுகிறாள். போர்டு நான் செய்து கொடுக்கிறேன். யாருக்கும் தெரியாததை ஒருவன் சுமந்து வாழ்கிறான். இதிலும் நான் நல்லவனாகத்தான் வருகிறேன். எழுதுகிறவனின் தொல்லை இது. எந்தப் பக்கம் திருப்பினாலும் தனக்கு ஒரு நல்ல இடம் போட்டுக்கொள்வான்.

இ) ரெஜிஷா அதைத் தின்னவில்லை. "இப்ப வேண்டாம், வயிறு நெறஞ்சு கெடக்கு," என்று ஃப்ரிட்ஜில் வைக்கிறாள். நாங்கள் சிதறால் மலைக்குப் போகிறோம். மேலே நல்ல காற்று. (பதினோரு பக்கம் போனது. பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் பேசுவதெல்லாம் நான் பேசுவது மாதிரியே இருந்தது. நிறுத்திவிட்டேன்.)

லேபிள் இப்போது சரி. இனி அதைப் படித்து யாருக்கும் எதுவும் ஆகாது. ஆகவே அபினாவுக்குச் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொன்னால் அது யாரையும் காப்பாற்ற அல்ல. நான் தனியாகத் தூக்குவதில் பாதியை அவள் தலையில் வைக்கவா? அல்லது பொய்யைத் திருத்த அவள் தன் காலால் நடந்து வந்தாளே, அவளுக்கு மட்டும் நான் ஏன் முழுதையும் மறைக்க வேண்டும்? அவள் தன்னுடையதைச் சொல்லிவிட்டாள். என்னுடையதைச் சொல்லாமல் அவளுடையதன் கனத்தைச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே டப்பாவில் இருக்கின்றன.

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

10

சனிக்கிழமை. பத்தரை மணி.

முந்திரி லேபிள்களை அடித்து, வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிட்டேன். இப்போது பிரிண்டரில் ஓடுவது இந்தக் கதை. ஒவ்வொரு தாளாக, எழுத்து மேலே தெரிய, வந்து விழுகிறது. அபினாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிரிண்டரில் கிடப்பது யாருடையதாக இருந்தாலும் எடுத்துப் படிப்பாள்.

வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. "அண்ணா, ரெடியா?" என்கிறாள்.

நான் நாற்காலியில் இருக்கிறேன். தாள்களைக் கவிழ்த்து வைக்கக் கை நீட்டினால் போதும், எட்டிவிடும். கடைசித் தாள் இன்னும் சூடாக இருக்கிறது. அது உங்கள் கையில் இருப்பது. அவளுக்கு முன்னால் நீங்கள் படித்துவிட்டீர்கள்.

கவிழ்க்கவா?