ஒரு சிட்டிகை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கணவர் சேர்மக்கனியைப் பிரிப்பதற்கு ஒப்படைக்கச் சொல்லி வடிவுக்கு நோட்டீஸ் வந்தது. மாலை ஐந்து மணி வரைக்கும் கெடு. வடிவு அதை இரண்டு முறை படித்தாள். பிறகு பூந்திச் சட்டிக்குக் கீழே தீயை அணைத்தாள்.

அந்த ஊரில் இது புதிதல்ல. யார் எதோடு கலந்திருந்தாலும் பிரிப்பு அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். போன மாதம் எதிர்வீட்டு லூர்து வாத்தியாரைப் பிரித்தார்கள். குணம் குணமாக ஒன்பது டப்பா வந்தது. டப்பாக்களை அலுவலகத்திலேயே அடுக்கி வைத்துக்கொள்வார்கள். வியாழக்கிழமை தோறும் அவர் மனைவி செசிலி போய் ஒரு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வரலாம். போன வாரம் அவருடைய கோபத்தைத் திறந்து பார்த்தாள். “கோபமாச்சும் அவிய சாடையில இருக்கு மதினி,” என்று வடிவிடம் சொல்லி அழுதாள்.

வடிவும் சேர்மக்கனியும் முப்பத்தோரு வருடமாக மிக்சர் கடை வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் எப்போது கலந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அவருக்குத் தூசி ஏறினால் அவள் தும்முவாள். ஒருமுறை அவளுக்குப் பல் வலித்தது. டாக்டர் அவருடைய பல்லைப் பிடுங்கினார். வலி நின்றுவிட்டது. இதையெல்லாம் அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

அவர்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் கை நீட்டினாலும் முதலில் ஒரு சிட்டிகை மிக்சர் அந்தக் கையில் விழும். வாங்க வந்தவரா, வழி கேட்க வந்தவரா என்று பார்ப்பதில்லை. தூறல் விழுகிறதா என்று பார்க்கக் கை நீட்டிய ஒருவருக்கும் வடிவு போட்டிருக்கிறாள். கடை அடைக்கும்போது டப்பாக்களின் அடியில் தூள் மிஞ்சும். அதைப் பொட்டலமாகக் கட்டி, பேச்சித்தாய் என்ற பெண்ணுக்குக் கொடுப்பாள். பேச்சித்தாய் தினமும் வருவாள். எங்கே வேலை பார்க்கிறாள் என்று வடிவு ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். தெருமுனைப் பிள்ளையார் முன்னால் நின்று, “அப்பனே, எங்களை ஒண்ணாவே வச்சிரு,” என்று வடிவு கும்பிட்டாள். சேர்மக்கனி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டதே தனக்கும் போதும் என்று இருந்துவிட்டார்.

பிரிப்பு அலுவலகத்தின் வாசலிலிருந்து கவுண்டர் வரை முப்பது அடி இருந்தது. அவர்கள் உள்ளே போனதும் நாற்பது ஆனது. சேர்மக்கனி வலது காலைச் சற்று இழுத்து நடப்பவர். அவர் பாதி தூரம் போவதற்குள் அறுபது ஆகிவிட்டது.

வாசலில் ஸ்டூல் போட்டு பியூன் உட்கார்ந்திருந்தான். “பயந்தவங்களுக்கு நீளும்,” என்றான்.

“பயப்படாதவங்களுக்கு எம்புட்டு?” என்று சேர்மக்கனி திரும்பிக் கேட்டார்.

“அவங்க இங்க வாரதில்ல அண்ணாச்சி.”

கவுண்டரில் பிரிப்பு அலுவலர் குணாளன் இருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. இஸ்திரி மடிப்பு கலையாத ஆள். ஒரு படிவத்தை எடுத்து வடிவின் பக்கம் தள்ளினார். அதில் இரண்டே கேள்விகள் இருந்தன. ஒன்று, மிக்சர் என்ற சொல்லின் பொருள் என்ன. இரண்டு, அதை ஒரு வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக.

வடிவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மிக்சரைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. முதல் கேள்விக்கு, ‘பல பொருள் சேர்ந்தது. எது எது என்று கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றாகத்தான் ருசிக்கும்’ என்று எழுதினாள். இரண்டாவதற்குச் சற்று யோசித்தாள். அரசாங்கத் தாளில் பொய் எழுதக் கை வரவில்லை. ‘நானும் எங்கள் வீட்டுக்காரரும் மிக்சர்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

குணாளன் படித்தார். முத்திரை குத்தினார்.

“‘மிக்சர் நல்லா இருக்கு’ன்னு எழுதியிருந்தா விட்டிருப்பேன்,” என்றார். “பாதிப் பேரு அதத்தான் எழுதுறாங்க.”

“அடிச்சுட்டு எழுதட்டுமா சார்?”

“மை காஞ்சிருச்சும்மா.”

வடிவுக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. பக்கத்தில் நின்ற சேர்மக்கனி காலை மாற்றி வைத்தார்.

உள் அறையில் மூன்று சுவர்களிலும் கூரை வரை டப்பா. நடுவில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அது பேச்சித்தாய். அவள் வடிவை நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிரே இருந்த ஸ்டூலை மட்டும் காட்டினாள். சேர்மக்கனி சட்டையைக் கழற்றாமல் அதில் உட்கார்ந்தார்.

“வலிக்குமா தாயி?” என்றார்.

“பழகாதவங்களுக்கு வலிக்கும்.”

“யாரு பழகியிருக்கா?”

பேச்சித்தாய் சுளகின் விளிம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

சேர்மக்கனி வடிவைப் பார்த்தார். “ஏளா, பொரிகடலை டப்பாவ மூடிட்டு வந்தியா? நமுத்துரும்.”

“மூடிட்டுத்தான் வந்தேன்.” மூடினாளா என்று அவளுக்கு நினைவில்லை.

“எண்ணெய ரெண்டாந்தடவ காய்ச்சாத.”

“காய்ச்ச மாட்டேன்.”

பேச்சித்தாய் புடைக்கத் தொடங்கினாள். சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள்ளும் சுளகு ஏறி இறங்கியது. முதலில் பொறுமை பிரிந்தது. அதற்குப் பெரிய டப்பா கேட்டார்கள். பிறகு இருமல். பிறகு பிடிவாதம். திருச்செந்தூருக்கு நடந்து போய்வந்த ஏழு தடவையும் தனியே வந்தன. பொய் இரண்டே இரண்டுதான் இருந்தது. அதை மாத்திரை டப்பாவில் போட்டு மூடினார்கள். கூடவே உள்ளே வந்திருந்த குணாளன் ஒவ்வொரு மூடியிலும் சீட்டு ஒட்டிக்கொண்டே வந்தார்.

சத்தம் நின்றது. வடிவு கண்ணைத் திறந்தாள். ஸ்டூலில் சட்டை மட்டும் இருந்தது.

“சுளகுல என்னமோ கிடக்கே?” என்றார் குணாளன்.

“தூளு சார். எந்த வகையிலயும் நிக்க மாட்டேங்கு.”

“குப்பையில போடுங்க.”

“சரி சார்.”

அவர் கவுண்டருக்குப் போனார். பேச்சித்தாய் எழுந்து குப்பைக்கூடை வரை போனாள். அங்கே கிடந்த பழைய படிவம் ஒன்றை எடுத்துக் கூம்பாகச் சுருட்டினாள். தூள் முழுவதையும் அதற்குள் சரித்து, வாயை மடித்து, வடிவின் கையில் வைத்தாள்.

“தினமும் நீங்க கட்டிக் குடுப்பிய,” என்றாள். “இன்னைக்கு நான் கட்டுதேன்.”

பொட்டலம் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ மூச்சு வாங்கியது.

“அஞ்சடிக்கதுக்குள்ள வாசலத் தாண்டிருங்க யக்கா. தாண்டிட்டா யாரும் கேக்க முடியாது. மாட்டிக்கிட்டா பொடிச் சல்லடை எடுப்பாவ. அது என்கிட்ட இல்ல. அடுத்த ரூம்ல இருக்கு. அதுல சலிச்சா தூளும் மிஞ்சாது.”

“ஒனக்கு ஒண்ணும் ஆகாதா?”

“போங்க யக்கா.”

வடிவு வாசலுக்குப் போகும் நடையில் இறங்கினாள். இப்போது அது நூறு அடி இருந்தது. கடிகாரத்தில் ஐந்தாக நான்கு நிமிடம். தூரத்தில் பியூன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வேகமாக நடந்தாள். அவள் நடக்க நடக்கக் கதவு சிறுத்தது.

“நில்லுங்க.”

குணாளன் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றார்.

“கையில என்ன? குடுங்க.”

கையை நீட்டினார்.

வடிவு யோசிக்கவில்லை. முப்பத்தோரு வருடத்துக் கை யோசிக்காது. அது பொட்டலத்தைப் பிரித்தது. ஒரு சிட்டிகை எடுத்தது. நீட்டிய உள்ளங்கையில் போட்டது.

குணாளனும் யோசிக்கவில்லை. அப்படிக் கையில் விழுந்ததை யாரும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. வாயில் போட்டுக்கொண்டார்.

அது எந்தச் சிட்டிகை? சிரிப்பா, அவளைக் கூப்பிடும் குரலா? அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைப் பிளந்து திரும்ப எடுத்துவிட முடியுமா என்றுகூட நினைத்தாள்.

குணாளன் விழுங்கினார்.

“உப்பு சரியா இருக்கு,” என்றார். பிறகு, “ஏளா, எண்ணெய ரெண்டாந்தடவ காய்ச்சலயே?” என்றார்.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பி உள் அறையின் டப்பாக்களைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். நடை அவருக்கும் நீண்டிருக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்த்தார்.

“கலந்தது வெளிய தெரியுமாம்மா?” என்று கைக்குள்ளேயே கேட்டார். “ஆபீஸ்காரங்க எங்களையும் விட மாட்டாங்க. எங்களை முதல்லயே பொடிச் சல்லடையில போட்டுருவாங்க.”

அவர் மேல் பையிலிருந்த மூன்று பேனாவும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. வாயைப் பொத்தியிருந்தது சற்று முன் முத்திரை குத்திய கை. அவரை அப்படியே விட்டுவிட்டு அவள் போயிருக்கலாம். ஆனால் கால் நகரவில்லை. அவர்மேல் வந்த இரக்கமா, தன்னுடைய ஒரு சிட்டிகையை விட்டுப் போக மனமில்லாததா என்று வடிவுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“எம் பின்னாலயே வாங்க சார்,” என்றாள். “வாயத் தொறக்காதிய.”

அவர் தலையாட்டினார்.

அவள் பொட்டலத்தை மறுபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். நடை இப்போது இருநூறு அடி. பியூன் விரற்கடை உயரத்தில் தெரிந்தான். கதவை மெதுவாகச் சாத்தத் தொடங்கியிருந்தான்.

கடிகாரம் ஒன்று அடித்தது. வடிவுக்கு ஓட வேண்டும் போலிருந்தது.

இரண்டு அடித்தது. பின்னால் வந்த குணாளனின் வலது கால் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

அவள் ஓடவில்லை. அந்தக் காலுக்கு ஈடு கொடுத்து, முப்பத்தோரு வருடமாக நடக்கும் அதே வேகத்தில் நடந்தாள். மூன்று அடித்தது.